முப்பத்தொன்றில் நின்ற எண்

"குளிருதா?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், பிறகு எதற்கு வாயை வீணாக்குவது என்பது அவர் கட்சி. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். கையுறை இருந்தால் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். புறங்கையை நம் பிடரியில், சட்டைக் காலருக்குக் கீழே, இரண்டு விநாடி வைப்பார். "செரி" என்றால் பிழைத்தோம். "உள்ள வா" என்றால் உள்ளே போய்விட வேண்டும். வாதாடிப் பயனில்லை.

டெக்சஸில், ரிச்சர்ட்சனில் இருந்துகொண்டு ஒருவர் இப்படி ஊரார் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் நம்பக் கஷ்டம்தான். கோடையில் கார் ஸ்டியரிங்கைத் தொட முடியாத ஊர் அது. ஆனால் அவருக்குச் சோறு போட்டது குளிர்தான். சாலையோரங்களில் பச்சைப் பெட்டிகள் நிற்குமே, உள்ளே டெலிபோன், இன்டர்நெட் ஒயர்களை வைத்துக்கொண்டு, அவை பனியில் உயிரோடு இருக்குமா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அதற்கென்று கம்பெனியில் கனத்த கதவு போட்ட ஓர் அறை உண்டு. உள்ளே மைனஸ் நாற்பது வரை இறக்கலாம். அதன் பெயர் சேம்பர். அதனால் அவர் எங்களுக்கெல்லாம் சேம்பர் ஆன்ட்டி. வெளியே தார் இளகும் ஜூலையில் ஓவர்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே தமிழச்சியை நான் அங்கேதான் பார்த்தேன்.

அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே அவருடைய லேபுக்குப் போய்விடுவேன். உடுமலைப்பேட்டைக்காரர். முப்பது வருட அமெரிக்கா அவருடைய நாக்கில் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஃபாரன்ஹீட்டுக்கும் அவர் மாறவில்லை. யாராவது "டுடே இட்ஸ் எய்ட்டி" என்றால், "எண்பதுல மனுசன் வெந்துருவானுங்க" என்பார் தமிழிலேயே.

ஒருநாள் அவருடன் வேலை செய்த அமெரிக்கர் ஒருவர் திரையைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பெட்டியின் வெப்பம் நாலு மணி நேரமாக ஒரு புள்ளிகூட ஏறாமல் இறங்காமல் நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி முதலில் வெப்பத்தைப் பதிவுசெய்கிற மீட்டரில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் அந்த நேரத்துக்கு நேராக ஒரு குறி விழுந்தது. பிறகு கோட்டு, குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போய், கையில் ஒரு ஒயரோடு திரும்பி வந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த வெப்பம் அளக்கும் உணரி கழன்று தரையில் கிடந்திருக்கிறது. நாலு மணி நேரமாக அது தரையின் வெப்பத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"உசுரு இருக்கற சாமான் எதுவும் நேரா நிக்காது அம்மிணி" என்றார் என்னிடம், டிபன் டப்பாவைத் திறந்தபடி. "ஏறும், எறங்கும், மூச்சு விடும். நேரா கோடு போட்டா நம்பாத."

"அது சரி ஆன்ட்டி, போய்ப் பாக்கறதுக்கு முன்னாடி எதுக்கு பட்டன் அழுத்தினீங்க?"

"சந்தேகம் வந்த நேரத்தைப் பதிஞ்சு வெக்கோணும். மொதல்ல குறி, அப்பறம் யோசனை. பின்னால நாமளே மாத்திச் சொல்லிருவோம் பாரு, எனக்கு அப்பவே தெரியும், தெரியாதுன்னு."

எனக்கு அவர் மேல் அப்போது இருந்தது பாசம் என்று சொல்ல மாட்டேன். ஆர்வம்தான். மனிதர்கள் சொல்வதை நம்பாத ஒருவர் எப்படி ஒரு வீட்டில், ஒரு ஊரில் காலம் தள்ளுகிறார் என்று பார்க்க ஆசை. போனில் "நல்லா இருக்கியா" என்று கேட்க மாட்டார். பந்தியில் "போதுமா" என்று கேட்க மாட்டார், இலையைப் பார்ப்பார். சிலருக்கு இது பிடிக்காது. "என்ன இது, போலீஸ் மாதிரி" என்று என் கணவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பிடரி அடிக்கடி ஃபெயில் ஆகும்.

பாசம் வந்தது வேறு ஒரு நாளில். என் டீமில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள், நானும் அதில் ஒருத்தி. அட்டைப் பெட்டியோடு பார்க்கிங் லாட்டில் நின்றேன். ஒவ்வொருவராக வந்து "ஆர் யூ ஓகே?" என்றார்கள். "ஐ ஆம் ஃபைன்" என்று எல்லோருக்கும் சொல்லி முடித்தபோது பிடரியில் ஒரு கை. நல்ல வெயில், குளிருக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு விநாடி வைத்திருந்துவிட்டு, "என்ற வண்டில ஏறு" என்றார். அவர் வீட்டில் மிளகு ரசம் சாதம் போட்டார். ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது. நான் அழுதேன், அவர் அப்பளம் பொரித்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் கையை நான் மறக்கவில்லை.

அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன்ட்டியின் கணவர். டேட்டாபேஸ் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர், சாது. இருபத்தைந்து வருடச் சர்க்கரை அவருடைய பாதங்களில் உணர்ச்சியை எடுத்துவிட்டிருந்தது. ஆணி குத்தினால் தெரியாது, வெந்நீர் சுட்டால் தெரியாது. ஒருமுறை செருப்புக்குள் ஒரு கார் சாவியோடு சாயங்காலம் வரை நடந்திருக்கிறார். அவர் "குளிரலே" என்று சொன்னால் அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. குனியவும் முடியாது, முதுகில் பிளேட் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஆன்ட்டிதான் அவருடைய காலை மடியில் வைத்து, விரல் விரலாகப் பார்த்து, சாக்ஸ் மாட்டிவிடுவார்.

சர்க்கரை அடுத்ததாகக் கண்ணுக்கும் வந்தது. மாதா மாதம் கண்ணில் ஊசி. அந்தச் சமயத்தில்தான் அங்கிள், வாழ்க்கையில் எதையும் அடம்பிடித்துக் கேட்காதவர், ஒன்று கேட்டார். நார்வேயின் கரையோரமாக வடக்கே போகிற கப்பலில், நடு ஜனவரியில், வானத்தில் ஆடுகிற அந்த வடதுருவ வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

கால் டாக்டர் கூடவே கூடாது என்றார். கண் டாக்டர் போவதென்றால் இந்த வருடம் போய்விடுங்கள் என்றார். ஆன்ட்டி இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் கழித்து நாலு குடும்பத்தைச் சேர்த்து டிக்கெட் போட்டார். நாங்களும் அதில் ஒரு குடும்பம்.

டிசம்பரில் அவர் எங்களுக்கு வைத்த பரீட்சையை இன்றும் சொல்லிச் சிரிப்போம். ரிச்சர்ட்சனில் குளிருக்கு எங்கே போவது? கம்பெனி சேம்பரில் ஆளை விட மாட்டார்கள். அவருக்குத் தெரிந்த ஓர் இந்திய மளிகைக் கடைக்காரரிடம் பேசி, கடைக்குப் பின்னால் இருந்த ஃப்ரீஸர் அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாங்கிவிட்டார். மைனஸ் பதினெட்டு. கப்பலில் என்ன உடுத்தப் போகிறோமோ அதை முழுக்க உடுத்திக்கொண்டு, குடும்பம் குடும்பமாக உள்ளே போய், பரோட்டா அட்டைப்பெட்டிகள் மேல் இருபது நிமிடம் உட்கார வேண்டும். ஒருபக்கம் துருவிய தேங்காய், ஒருபக்கம் சின்ன வெங்காயம், நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நாங்கள்.

நாங்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருந்தோம். குளிர் என்றதும் ஆளுக்கு மூன்று சாக்ஸ். அதை வழக்கமான ஷூவுக்குள் திணித்திருந்தோம்.

"வெரலை மடக்கு" என்றார் என் மகள் வர்ஷாவிடம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"ஐ காண்ட், ஆன்ட்டி. இட்ஸ் டூ டைட்."

"அப்ப ஃபெயிலு. ரத்தம் ஓடறதுக்கு எடம் வேணுமில்ல? ஒரு கம்பளி சாக்ஸு, ஒரு சைஸ் பெரிய ஷூ. போதும்." என் கணவரின் உள் பனியனைக் கழுத்துப் பக்கம் இழுத்துப் பார்த்து, "காட்டன். நடந்தா வேர்க்கும், நின்னா அதுவே ஐஸாயிரும். இதுவும் ஃபெயிலு" என்றார். கணவர் முகம் போன போக்கை நான் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக அங்கிள் உள்ளே போனார். அப்போதுதான் நான் அந்த ஒயரை முதன்முதலில் பார்த்தேன். மஞ்சள் ஒயர், நூல் கனம். அதன் நுனியில் இருந்த உணரி அங்கிளின் பெருவிரலில் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அங்கிருந்து ஷூவுக்குள் ஏறி, பேன்ட்டுக்குள் போய், இடுப்பு வழியாக வெளியே வந்து, ஆன்ட்டியின் கழுத்தில் தொங்கிய மீட்டரில் முடிந்தது. அவர் ஓர் அடி தள்ளி நின்றால் இவரும் நகர வேண்டும்.

"என்ன அங்கிள், கட்டிப் போட்டுட்டாங்களா?"

"அதெல்லாம் கல்யாணத்தன்னிக்கே ஆச்சு" என்றார் அவர்.

முப்பதில் இருந்த எண் ஒவ்வொன்றாக இறங்கியது. "பதினெட்டுக்கு வந்தா உள்ள கூட்டிட்டு வந்தரோணும். அதுக்குக் கீழ போகக்கூடாது" என்று எனக்கு விளக்கினார் ஆன்ட்டி. பதினெட்டு வந்ததும் அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பரோட்டா பெட்டியின் மேல் மார்க்கரால் 19 என்று எழுதினார். பத்தொன்பது நிமிடம். கடைக்காரர் அந்தப் பெட்டியை விலை மாறிவிட்டதோ என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் எல்லோரும் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் பலகை இறக்கியதும், பனி உறைந்த தெருவில், ஷூவுக்கு அடியில் முள்பட்டை மாட்டிக்கொண்டு, ஒயரால் இணைக்கப்பட்ட ஒரு தம்பதி முன்னால் போகும். ஒரு ஜெர்மன் தாத்தா அது என்ன மருத்துவக் கருவியா என்று மரியாதையாகக் கேட்டார். "ஹி இஸ் அண்டர் டெஸ்ட்" என்றார் ஆன்ட்டி. துறைமுகக் கடைகளில் கம்பளிச் சட்டையை எடுத்தால் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். கடைக்கார அம்மாள் அவருக்குப் புரியாத மொழியில் பாராட்ட, இவர் அவளுக்குப் புரியாத மொழியில் "நல்ல நூலு" என்பார். ஒவ்வொரு துறைமுகத்திலும் அங்கிளுக்குப் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். எண் இருபதைத் தொட்டதும் ஏதாவது ஒரு காபிக் கடைக்குள் தள்ளிவிடுவார்.

ஐந்து நாள் வானத்தில் மேகம். வடக்கே போகப் போகச் சூரியன் உதிப்பதே இல்லை, மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரு நீலமான மங்கல், அப்புறம் இருட்டு. ஆறாவது நாள் சாயங்காலம் தேநீர் நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், மேகம் விலகிவிட்டது, பத்து நிமிடத்தில் மேல்தளத்துக்கு வாருங்கள் என்று.

மேல்தளக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நீளமான பெஞ்சு. அங்கிள் அதில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி எல்லோருடைய பிடரியையும் பார்த்துக்கொண்டு வந்தவர், வர்ஷா கையுறையைக் கேபினில் விட்டுவிட்டாள் என்று கண்டுபிடித்தார். என் கணவரையும் அவளையும் அனுப்பினால் வேறு எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று அவரே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது மீட்டரைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "புடி அம்மிணி. பாத்துக்க." எண் முப்பத்தொன்று.

அவர் படியிறங்கியதும் அங்கிள் என் பக்கம் சாய்ந்தார்.

"அம்மிணி, ஒரு ஒதவி. இந்த டேப்பை எடுத்துவிடறயா? எனக்குக் குனிய முடியாது."

"அங்கிள், வேண்டாம். ஆன்ட்டி என்னைக் கொன்னுடுவாங்க."

"அஞ்சு நாளா பத்துப் பத்து நிமிசம். அது எப்ப வரும், எப்ப போகும்னு தெரியாது. நான் பாக்க ஆரம்பிக்கறப்ப 'உள்ள வாங்க'ன்னுருவா." ஷூவை நீட்டிக் காட்டினார். "காலை அவ பாத்துக்கட்டும், வேண்டாங்கல. கண்ணு என்னோடதில்லயா? அடுத்த வருசம் இது எவ்வளவு மிச்சம் இருக்கும்னு டாக்டருக்கே தெரியல."

நான் மண்டியிட்டேன். ஏன் செய்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது ஒரு நல்ல காரியமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஷூவின் ஜிப்பை இறக்கி, சாக்ஸை உருட்டி, டேப்பை உரித்தேன். பெருவிரல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒயரை மேலே இழுத்துவிட்டு, சாக்ஸையும் ஷூவையும் மாட்டி ஜிப்பை ஏற்றினேன்.

"எடுத்துட்டயா?" என்று கேட்டார் அங்கிள்.

எல்லாம் முடிந்து நான் எழுந்து நின்றிருந்தேன். அவருக்குத் தெரியவில்லை.

அவர் ஒயர் நுனியைக் கோட்டுப் பைக்குள் விட்டார். அதில் கையைச் சூடாக வைக்கிற அந்தச் சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. "நம்பரைச் சொல்லு."

"நாப்பத்தி நாலு."

கைக்குட்டையை ஒரு சுற்று சுற்றினார். "இப்ப?"

"முப்பத்தெட்டு."

இன்னும் ஒரு சுற்று. "இப்ப?"

"முப்பத்தொண்ணு அங்கிள்."

"அவ கடைசியா பாத்ததும் அதுதானே? போதும்."

ரிட்டையரான டேட்டாபேஸ்காரரும், தொழிலே டெஸ்டிங்காகக் கொண்ட நானும் சேர்ந்து செய்த காரியம் அது. எதிர்பார்க்கிற எண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். வெளியே போனால் அந்த எண் இறங்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆன்ட்டி வந்து மீட்டரை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கதவைத் தாண்டும்போது வழக்கம்போல ஒரு குறி போட்டார். வெளியே காற்று முகத்தில் அறைந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, சலவைக்குப் போட்ட வேட்டி போல. எல்லோரும் போனைத் தூக்கினார்கள், போனுக்குள் அது பச்சையாக இருந்தது. வர்ஷா "அம்மா லுக், லுக்" என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நான் வானத்தைப் பாதியும் அங்கிளைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி நின்றார். ஆன்ட்டி காற்று வருகிற பக்கமாகப் போய் அவரை ஒட்டி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் தன் பெரிய கம்பளிச் சால்வையை எடுத்து, குனிந்து, அவருடைய இரண்டு ஷூவையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். நிமிர்ந்து நின்றவர் வானத்தைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சாமி பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்தேன்.

திடீரென்று, "நின்னது போதும், வாங்க" என்று அங்கிளின் தோளைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. அதே பெஞ்சில் உட்காரவைத்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. அங்கிளின் கோட்டுப் பையிலிருந்து, தேடாமலேயே, ஒயர் நுனியை எடுத்தார். கைக்குட்டை அதோடு வந்தது. ஒயரைப் பெருவிரலில் வைத்து எண்ணைப் பார்த்தார். எங்களுக்குக் காட்டவில்லை. மீட்டரை அணைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, தன் கோட்டையும் ஸ்வெட்டரையும் தூக்கி, அந்த இரண்டு பாதங்களையும் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டார். வெந்நீர் கூடாது, ஹீட்டர் கூடாது. உணர்ச்சியில்லாத காலுக்கு உடம்புச் சூடு மட்டும்தான் ஆகும். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நாந்தான் எடுத்தேன் புள்ள" என்றார் அங்கிள்.

குனிய முடியாதவர் அப்படிச் சொன்னார். ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ பாத்தயா அம்மிணி?"

"இல்ல ஆன்ட்டி. நான் ஃபோன் பாத்துட்டு இருந்தேன்."

ஒரு கையை வயிற்றிலிருந்து எடுத்தார். "கிட்ட வா" என்றார். குனிந்தேன். புறங்கை என் பிடரிக்கு வந்தது. பனிக்குளிரிலிருந்து வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, எனக்கு அங்கே வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. இரண்டு விநாடி.

"செரி" என்றார்.

பெருவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்டுவிரலில் கொப்புளம் வந்து, நகம் விழுந்து, புண்ணாகி, விரலையே எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர்கள் பேசுகிற அளவுக்குப் போய், அடுத்த கோடையில்தான் ஆறியது. அத்தனை மாதமும் நான் நடைப்பிணமாகத் திரிந்தேன். வாரம் ஒருதரம் போய்ப் பார்ப்பேன். ஆன்ட்டி கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார், ரசம் சாதம் போடுவார், வர்ஷாவைப் பற்றிக் கேட்பார். ஆனால் அதற்குப் பிறகு என் பிடரியை ஒருதரம்கூடத் தொடவில்லை. இனி இவளிடம் சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார் என எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். அவருக்கு வார்த்தை எதற்கு என்று மூடிக்கொண்டேன். அது சாக்கு என்று எனக்கே தெரியும்.

ஒருதரம் அங்கிளிடம் மட்டும் கேட்டேன். "அன்னிக்கு உங்க கண்ணுக்குப் பச்சையா தெரிஞ்சுதா அங்கிள்?"

"சாம்பல்தான்" என்றார். "ஆனா அசைஞ்சுது அம்மிணி. நல்லா அசைஞ்சுது."

அடுத்த வருடம் அவர் பார்வை இன்னும் மங்கியது. சான் ரமோனில் இருந்த மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார்கள். வீட்டைக் காலி பண்ணும் நாளில் ஆன்ட்டி குளிர்ச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருவருக்குக் குல்லாய், ஒருவருக்கு முள்பட்டை. என் முறை வந்தபோது அந்த மீட்டரையும் மஞ்சள் ஒயரையும் கையில் வைத்தார். "இது உனக்கு" என்றார். நான் செத்துப் போனேன். இதைவிட ஒருத்தியைக் குத்திக் காட்ட முடியுமா? வீட்டுக்கு வந்து சமையலறை இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டேன்.

போன டிசம்பரில் தயிர் உறையவில்லை. ரிச்சர்ட்சனில் கொஞ்சம் குளிர்ந்தாலும் என் வீட்டுத் தயிர் பாலாகவே இருக்கும். பால் எத்தனை டிகிரியில் இருக்கும்போது உறை ஊற்ற வேண்டும் என்று வர்ஷா இணையத்தில் பார்த்துச் சொன்னாள். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வேறு வழியில்லாமல் மீட்டரை எடுத்துப் புது பேட்டரி போட்டேன். "மாம், தேர்ஸ் ஓல்ட் டேட்டா இன் திஸ்" என்றாள் அவள். அழிக்கப்படாமல் ஒரே ஒரு பதிவு உள்ளே இருந்தது. லேப்டாப்பில் போட்டு விரித்துக் காட்டிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு கோடு. முப்பத்தொன்றைச் சுற்றி லேசாக அலைந்துகொண்டிருந்தது திடீரென்று விழுந்தது. நான் டேப்பை உரித்த நேரம். பிறகு நாற்பத்தி நாலு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்று. என் குரலே கேட்டது. அதற்கப்புறம் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்கோடு. அதன் மேல் ஒரு குறி, கதவைத் தாண்டியபோது போட்டது.

அதிலிருந்து நாலாவது நிமிடத்தில் இன்னொரு குறி. மொதல்ல குறி, அப்பறம் யோசனை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது குறிக்குப் பிறகும் கோடு நேராகவே ஓடியது. ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து. அங்கேதான் அது அறுந்து, கடைசியாக ஒரே ஒரு புள்ளியில் முடிந்தது. பதினெட்டு. முதல் குறியிலிருந்து எண்ணினேன். பத்தொன்பது நிமிடம்.

சால்வையை எடுத்துக் காலில் கட்டியது நினைவுக்கு வந்தது. அசைந்துகொண்டிருந்த உதடு நினைவுக்கு வந்தது. சாமி பாட்டு இல்லை. பரோட்டாப் பெட்டியின் மேல் எழுதி வைத்த அந்தப் பத்தொன்பது நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பெருவிரலுக்கு அவர் கணக்கு ஒரு டிகிரிகூடத் தப்பவில்லை. சுண்டுவிரலை அவர் அளந்ததில்லை, அங்கேதான் தப்பியது. அந்த ஆறு மாதப் புண்ணையும் என் பாவம் என்று நான் சுமந்துகொண்டிருந்தேன். அவர் தன்னுடையது என்று சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

சான் ரமோனுக்கு போன் போட்டேன்.

"ஆன்ட்டி, மீட்டரைத் தொறந்து பாத்தேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது.

"இப்பத்தான் பாத்தயா?" என்றார். "நாலு வருசம் ஆச்சேம்மா."

பின்னால் அங்கிளின் குரல் கேட்டது. "யாரு புள்ள போன்ல? டேப்பை உரிச்ச அம்மிணியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நான் பொய் சொல்லிட்டேன் ஆன்ட்டி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சாரி."

"நானுந்தான் அவருகிட்ட சொல்லல" என்றார், குரலைத் தாழ்த்தி. "என்னைய ஏமாத்திப் போட்டுப் பாத்ததா நெனச்சுட்டு இருக்காரு. இருக்கட்டும், உடு." பிறகு வழக்கமான குரலுக்கு வந்தார். "அந்தக் குறி போடற பட்டனை அஞ்சு செகண்டு அழுத்திப் புடிச்சயின்னா எல்லாம் அழிஞ்சுரும். அழிச்சுட்டு உன்ற தயிரோ மோரோ பாரு."

எதற்காக மீட்டரை எடுத்தேன் என்று நான் சொல்லவே இல்லை. டிசம்பரில் என் வீட்டுத் தயிர் உறையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பொத்தான் மேல் விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் எண்ணினேன். எடுத்துவிட்டேன். அன்று பாலில் விரலை விட்டுப் பார்த்துத்தான் உறை ஊற்றினேன்.